பதவி கொடுத்தாச்சு, அதிகாரம் இல்லை: நிலைத்தன்மை வேலையை எங்கே தொடங்குவது?

நீலாம்பல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உலோக உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள் நான். 2040-க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு (வெளிவிடும் கார்பனும் அகற்றும் கார்பனும் சமமாவது) என்று எங்கள் நிர்வாக இயக்குநர் ஒரு மேடையில் அறிவித்தார். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு, "இனி நீங்கள்தான் சஸ்டெயினபிலிட்டி மேனேஜர்" என்றார்கள். எனக்குக் கீழே ஆள் கிடையாது. தனி பட்ஜெட்டும் கிடையாது. எந்தப் பிரிவுத் தலைவரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

இதுவரை மரக்கன்று நட்டோம், உறுதிமொழி படித்தோம், ஸ்விட்ச் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டினோம். வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கணக்கு (ஆலையே நேரடியாக வெளிவிடும் உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வு) கேட்டார், தயார் செய்து கொடுத்தேன். அறிக்கை நன்றாகவே வந்தது. மின்கட்டணம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

கடைசிக் கூட்டத்தில், பெயின்ட் பிரிவின் உலை லாட்டுக்கும் லாட்டுக்கும் (ஒரு தொகுதிப் பொருளுக்கும் அடுத்த தொகுதிக்கும்) நடுவில் காலியாகச் சூடேறிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். உற்பத்தித் தலைவர் கோபப்படவில்லை. "அணைத்தால் திரும்பச் சூடேற முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு என் டார்கெட்டை யார் குறைப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

இதில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். மேலிடத்தைப் பிடித்துக் கீழே வருவதா, தொழிலாளர்களிடம் தொடங்கி மேலே போவதா? இன்னொரு கவலையும் உண்டு. நாங்கள் எடுக்கும் அதே நிலத்தடி நீரைத்தான் சுற்றியுள்ளவர்களும் எடுக்கிறார்கள். நாங்கள் என்ன சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை. எங்களுக்குப் பொருள் கொடுப்பவர்களோ சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள். அவர்களிடம் போய் கார்பன் கணக்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெண்கொற்றன் எழுதியது:

மேலிடம் மனது வைக்காமல் ஒன்றும் நடக்காது சகோதரி. தரைவிரிப்பு செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தைப் பாருங்கள். நிறுவனர் ரே ஆண்டர்சன் அதைத் தொடங்கியது 1973-இல். சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியபோது அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் 1994-இல் அவரைத் திருப்பியது. 2020-க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தார். பெட்ரோலியத்தை நம்பியே நடந்த தொழில் அது. முதலாளியே நின்றதால்தான் நடந்தது. உங்கள் எம்.டி. மேடையில் அறிவித்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அவர் தலைமையில் ஆய்வுக் கூட்டம் வேண்டும் என்று கேளுங்கள். பிரிவுத் தலைவர்கள் தானாக வழிக்கு வருவார்கள்.

உலைக்களம் எழுதியது:

நீலாம்பல் அம்மா, நான் யுட்டிலிட்டி பராமரிப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். பாய்லர், கம்ப்ரசர், சில்லர் என்று சுற்றி, கடைசியில் பல வருடங்கள் எரிசக்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

"என் டார்கெட்டை யார் குறைப்பார்கள்?" உங்கள் வேலை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அந்த மனிதர் உங்களுக்கு எதிரி இல்லை. உலை காலியாக எரிந்தால் அவர் கையிலிருந்து ஒன்றும் போவதில்லை. அணைத்து, அதனால் லாட் தாமதமானால் அவர் தலைதான் உருளும். இந்தக் கணக்கை மாற்றாமல் எம்.டி. தலைமையில் மாதாமாதம் கூட்டம் போட்டாலும், கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போய் உலையை எரியத்தான் விடுவார். வெண்கொற்றன் சொன்னதை நான் மறுக்கவில்லை. எம்.டி. வேண்டும். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது கூட்டம் அல்ல, விதி மாற்றம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1940-களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு நிலைமை அப்படியே நிற்கிறது என்றால், அதை முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக இருக்கின்றன என்று பொருள். நாம் எப்போதும் தள்ளுவதையே கூட்டுகிறோம்: பிரச்சாரம், போட்டி, பரிசு, கண்டிப்பு. அதனால் இறுக்கம்தான் கூடும். பின்னே இழுப்பதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் காரியம் தானாக நகரும். நான் வேலையில் பார்த்தது ஒவ்வொன்றும் இதைத்தான் உறுதி செய்தது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் அழுத்தக் காற்றுக் கசிவு பற்றி வருடக்கணக்காகப் பேசினோம். பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவிலேயே போய்விடும். துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பயன்? ஒரு விடுமுறை நாளில் உற்பத்தி மேலாளர், கணக்குப் பிரிவு அதிகாரி, ஷிப்ட் ஃபிட்டர் மூவரையும் கம்ப்ரசர் அறைக்கு வரச் சொன்னேன். ஆலையில் ஒரு எந்திரம்கூட ஓடவில்லை. கம்ப்ரசர் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் இறங்கினால் லோடு எடுக்கும், அதாவது காற்றை அடைக்கும்; நிரம்பியதும் அன்லோடு ஆகும், அதாவது அடைக்காமல் சும்மா சுற்றும். கணக்கதிகாரி கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தேன். லோடு இரண்டு நிமிடம், அன்லோடு நான்கு நிமிடம். திரும்ப அதே. யாரும் காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் யாருக்காக லோடு எடுக்கிறது? ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கசிவுக்காக மட்டுமே ஓடுகிறது. நான் வாய் திறக்கவே இல்லை. அவரே செல்பேசியை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஆலைக்குள் போனோம். வேலை நடக்கும்போது காதில் விழாத சத்தம் அது. அன்று நாலா பக்கமும் உஸ்ஸென்று கேட்டது. ஃபிட்டர் சோப்புத் தண்ணீரைக் குழாய்களை இணைக்கும் ஒரு கப்ளிங்கின் மேல் தடவினார். குமிழி பொங்கிப் பொங்கி வந்தது. ஏழு பார் அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் போதும், சுமார் மூன்று கிலோவாட் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடும். ஓய்வில்லாமல் ஓடினால் வருடத்துக்கு 26,000 யூனிட். உற்பத்தி மேலாளர் குனிந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. கசிவைக் கண்டவர் ஒரு சிவப்பு டேக்கில் தன் பெயரை எழுதிக் கட்டலாம் என்று ஏற்பாடு செய்தோம். தொழிலாளர்கள் உற்சாகமாகக் கட்டினார்கள். ஆனால் டேக் ஏறிக்கொண்டே போனதே தவிர இறங்கவில்லை. "பராமரிப்புக்காரர்களுக்கு அக்கறை இல்லை" என்று பேச்சு வந்தது. ஃபிட்டரிடம் கேட்டேன். "ஓ-ரிங் இல்லை சார், கப்ளிங் இல்லை, ஸ்டோர்ஸில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள்" என்றார். ஸ்டோர்ஸில் போய்க் கேட்டால், இருப்பு மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது அந்த வருட இலக்கு. அதனால் சில்லறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச இருப்பைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். கைக்கு அடங்கும் ரப்பர் வளையம் ஒன்று அலமாரியில் இல்லாததால் கம்ப்ரசர் மூன்றில் ஒரு பங்கு நேரம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸ்காரர் தன் இலக்கைச் சரியாக நிறைவேற்றிக்கொண்டிருந்தார்! எம்.டி.யிடம் நான் கேட்டது ஒரே ஒரு வரி: காற்று, நீராவி இணைப்புச் சாமான்களுக்கு இருப்புக் குறைப்பு இலக்கிலிருந்து விலக்கு. கையெழுத்துப் போட அவருக்கு நேரமே ஆகவில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் டேக்குகள் இறங்கத் தொடங்கின.

மேலிடமா கீழிடமா என்று கேட்டீர்கள். எங்கே தடை இருக்கிறது என்று கீழே இருப்பவருக்குத்தான் தெரியும். அதை எடுக்கும் பேனா மேலே இருப்பவரிடம் இருக்கிறது. நீங்கள் நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், உங்கள் பதவிக்கு வேறு வேலை கிடையாது.

இப்போது உங்கள் உலை. முக்கால் மணி நேரம் என்பது முழுக்க ஆறிய உலைக்கு. லாட்டுக்கு நடுவில் அணைக்க வேண்டியதே இல்லை. வெப்பநிலையை ஓரளவு இறக்கி வைத்து, வெளியேற்றும் ஃபேனின் வேகத்தைப் பாதுகாப்பு வரம்புக்குள் குறைத்தாலே பெரும்பகுதி மிச்சமாகும், திரும்ப ஏறவும் அத்தனை நேரம் பிடிக்காது. எத்தனை நிமிடம் என்று நீங்களோ நானோ ஊகிக்க வேண்டாம். பெயின்ட் பிரிவு சூப்பர்வைசரையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: லாட்டுக்கு நடுவில் இடைவெளி ஏன் விழுகிறது? அது உற்பத்தித் தலைவரின் தப்பாக இருக்காது. அட்டவணை போடும் பிளானிங் பிரிவில் ஒருவர், நிறத்தையும் டெலிவரி தேதியையும் மட்டும் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். உலை என்று ஒன்று இருப்பதே அவர் திரையில் தெரியாது. அவர் பக்கத்தில் ஒரு நாள் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

விதி மாற்றம் என்று சொன்னேனே, அதில் முதலாவது கொள்முதல். மோட்டாரோ பம்போ, ஆயுள் முழுக்க அது தின்னும் மின்சாரச் செலவோடு ஒப்பிட்டால் வாங்கும் விலை மிகச் சிறு பங்குதான். ஆனால் கொள்முதல் பிரிவு எதைப் பார்க்கும்? வாங்கும் விலையை. அவர்கள் இலக்கு அது. ஒப்புதல் படிவத்தில் "ஆயுட்கால மின்செலவு" என்று ஒரு கட்டம் சேருங்கள். அது நிரம்பாமல் ஃபைல் நகரக்கூடாது. அவ்வளவுதான் கேட்க வேண்டியது.

வெண்கொற்றன் சொன்ன அதே இன்டர்ஃபேஸில் நடந்தது ஒன்று. ஷாங்காயில் புது ஆலை கட்டும்போது ஒரு சூடாக்கும் திரவச் சுற்றுக்கு முதலில் போட்ட வடிவமைப்பில் பம்புகளுக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் தேவைப்பட்டது. யான் ஸ்கில்ஹாம் என்ற அவர்கள் பொறியாளர் அதை 7 குதிரைத்திறனாக்கினார். புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. குழாயை அகலமாக்கினார். குழாயின் விட்டம் இரட்டித்தால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். அடுத்தது, எந்திரங்களை வைத்துவிட்டு அவற்றுக்கு நடுவே குழாயை வளைத்து நெளித்துக் கொண்டுபோவதுதான் வழக்கம். அவர் முதலில் குழாயை நேராகப் போட்டார், பிறகு எந்திரங்களை வைத்தார். அகலமான குழாய் விலை அதிகம்தான், ஆனால் பம்பு சிறிதானதால் அது ஈடாகிவிட்டது. குழாயை ஒருவர், பம்பை ஒருவர் தனித்தனியாக முடிவு செய்தால் இது கண்ணில் படவே படாது. இரண்டு முடிவும் ஒரே மேஜைக்கு வந்ததால் பட்டது. நிறுவன மாற்றம் என்று நான் சொல்வது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

இரண்டாவது விதி, மின்கட்டணத்தை யார் தலையில் எழுதுவது என்பது. பல ஆலைகளில் மொத்தக் கட்டணத்தைச் சதுர அடிக்கணக்கில் பிரித்துப் போடுவார்கள். அப்படியானால் மிச்சப்படுத்துகிற பிரிவுக்கும் ஒன்றுதான், வீணாக்குகிற பிரிவுக்கும் ஒன்றுதான். பெரிய நான்கைந்து இடங்களில் துணை மீட்டர் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் 2012 முதல் தன் பிரிவுகளின் உமிழ்வுக்கு அவர்கள் பட்ஜெட்டிலிருந்தே உள் கட்டணம் பிடிக்கிறது. உங்களுக்கு அந்த அளவு இப்போது வேண்டாம். மீட்டர் போதும்.

சுற்றியுள்ள மக்கள் பற்றி என்னைவிடத் தாழைமடல் நன்றாகச் சொல்வார். அம்மா, பார்த்தால் வாருங்கள்.

தாழைமடல் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. பொது நீர் மேலாண்மைக் குழுக்களோடு நீண்ட காலம் வேலை செய்கிறவள் நான். ஆலைக்காரர்கள், விவசாயிகள், குடியிருப்போர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில்தான் என் வேலை.

நீலாம்பல், "நாங்கள் என்ன சொன்னாலும் நம்புவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்வதை நிறுத்திப் பாருங்களேன். ஆலை எவ்வளவு நீர் எடுக்கிறது என்பதை ஆலையே அளந்து, ஆலையே அச்சடித்துக் கொடுத்தால் யார் நம்புவார்? நானும் நம்ப மாட்டேன். மீட்டரை அவர்கள் படிக்கட்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஆழ்துளைக் கிணற்று மீட்டரை மதிலுக்கு உள்ளேயிருந்து வெளிப்புறம் தெரியும்படி மாற்றி வைத்தார்கள். வாரம் ஒரு முறை சுற்றியுள்ளவர்களில் ஒருவர் வந்து படித்து, அவர்கள் நோட்டிலேயே எழுதிக்கொள்வார். ஆலை நிர்வாகம் முதலில் மிகவும் பயந்தது. எழுத ஆரம்பித்த பிறகு கேள்விகள் கூடவே செய்தன. ஆனால் கேள்வியின் குணம் மாறிவிட்டது. "பொய் சொல்கிறீர்கள்" என்பது போய், "போன வாரம் ஏன் கூடியது?" என்று வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

எலினார் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர். பொதுவில் இருக்கும் நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் ஒன்று அரசு பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பயன்படுத்துகிறவர்களே விதி செய்து நூற்றாண்டுகளாகக் காத்துவந்த இடங்களைக் கொண்டுவந்து காட்டினார். அப்படி நிலைத்த இடங்களில் அவர் கண்டவை: யார் பயன்படுத்தலாம் என்ற எல்லை தெளிவாக இருந்தது. விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதை மாற்றுவதில் பங்கு இருந்தது. கண்காணித்தவர்கள் பயன்படுத்துகிறவர்களாகவோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகவோ இருந்தார்கள். தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறியது. சச்சரவைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தது. உங்கள் ஆலை அழைக்கும் "பங்குதாரர் கூட்டத்தில்" இதில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். நாற்காலியும் தேநீரும் இருக்கும். விதியில் பங்கு இருக்குமா?

இன்னொன்று, உங்கள் ஸ்டிக்கர். அதை முழுக்க ஒதுக்காதீர்கள், வாசகத்தை மாற்றுங்கள். விடுதி அறைகளில் துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லும் அட்டையை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2008-இல் வெளிவந்தது. "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்ற வழக்கமான அட்டைக்கு 35 விழுக்காட்டினர்தான் செவிசாய்த்தார்கள். "இங்கே தங்கும் விருந்தினர்களில் பெரும்பாலோர் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்" என்றதும் 44 ஆனது. "இதே அறையில் தங்கியவர்கள்" என்றதும் 49-ஐத் தொட்டது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதற்கு அவ்வளவு கனம் உண்டு. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இதையே செய்து பார்த்தபோது, சராசரியைவிடக் குறைவாகச் செலவழித்தவர்கள், தாங்கள் குறைவு என்று தெரிந்ததும் கூட்டிவிட்டார்கள்! அவர்கள் தாளில் பாராட்டாக ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியதும் அது நின்றது. ஆகவே, பிரிவுவாரியாக மின்கணக்கை ஒட்டும்போது நன்றாகச் செய்கிற பிரிவை வெறும் எண்ணோடு விட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்காரர்கள் விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். கணக்குக் கேட்டுப் போகாதீர்கள், கொடுத்து வாங்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள். டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்ற ஊரில் மின்நிலையத்தின் மிச்ச நீராவி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போனது. சுத்திகரிப்பு ஆலையின் மிச்ச வாயுவைப் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை 1972-லேயே வாங்கிக்கொண்டது. யாரும் பெரிய திட்டம் போட்டு இதைத் தொடங்கவில்லை. இருவர் இருவராக, இருவருக்கும் லாபமான பேரங்கள். வலைப்பின்னலாகக் கண்ணில் பட்டது பிற்பாடுதான். உங்கள் ஆலையின் ஃபிட்டரை ஒரு நாள் பட்டறைக்கு அனுப்பி அவர்கள் கம்ப்ரசர் கசிவைப் பார்த்துக் கொடுங்கள். அதற்கப்புறம் மின்கட்டண ரசீதை அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

இளவேனில் எழுதியது:

நூற்றுக்கு இருபத்தைந்து பேரைப் பிடித்துவிட்டால் மீதிப் பேர் தானாக மாறுவார்கள் என்று ஓர் ஆய்வு படித்தேனே. அப்படியானால் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதே இல்லையே?

உலைக்களம் எழுதியது:

டேமன் சென்டோலா குழுவின் 2018 ஆய்வைச் சொல்கிறீர்கள் தம்பி. நல்ல ஆய்வு. ஆனால் அது இணையத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் ஒரு படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒத்துப்போகும் விளையாட்டு. அங்கே பழைய பெயரை விட்டுப் புதுப் பெயருக்கு மாறுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆலையில் சிலருக்கு நஷ்டம் உண்டு. டெலிவரி தப்பும், ஓவர்டைம் குறையும், ஒரு சூப்பர்வைசரின் பல வருடத் திறமைக்கு மதிப்பில்லாமல் போகும். நஷ்டப்படுகிறவரை எண்ணிக்கையால் வெல்ல நினைத்தால் அவர் அமைதியாகக் காத்திருந்து, நீங்கள் போன பிறகு பழையபடி ஆக்குவார். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் என்ன இழக்கிறீர்கள் என்று கேட்டு, அதை ஈடுகட்ட வழி தேட வேண்டும். ஈடுகட்ட முடியாது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

லெவினின் இன்னொரு வேலை உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் இல்லத்தரசிகளை மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க வைக்கப் பார்த்தார்கள். நல்ல சொற்பொழிவு கேட்ட குழுக்களில் 3 விழுக்காட்டினர்தான் சமைத்தார்கள். தங்களுக்குள் பேசி, கடைசியில் கைதூக்கி முடிவெடுத்த குழுக்களில் 32 விழுக்காடு. அதே தகவல்தான். தானே எடுத்த முடிவு என்பதுதான் வித்தியாசம். இருபத்தைந்து பேரைத் தேடுவதைவிட, ஒரு ஷிப்டில் பத்துப் பேரை உட்கார வைத்து, தங்கள் எந்திரத்தில் எதை மாற்றலாம் என்று அவர்களையே முடிவு செய்யவிடுங்கள்.

நீலாம்பல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உலைக்களம் ஐயா சொன்னபடி பிளானிங் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவருக்கு உலையைப் பற்றி உண்மையிலேயே தெரியவில்லை. லாட்டுகளைச் சேர்த்துப் போட்டால் டெலிவரி தேதி எதுவும் தப்பாது என்று அவரே இரண்டு நாள் அட்டவணையைத் திருத்திக் காட்டினார். உற்பத்தித் தலைவர் "இது எனக்கும் நல்லதுதான்" என்றார். சூப்பர்வைசர் வெப்பநிலையை இறக்கிச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், ஆனால் பூச்சின் தரத்தை என் பழைய பிரிவு பார்த்துச் சான்று தர வேண்டும் என்கிறார். அது சரிதான்.

நீர் மீட்டர் யோசனைக்கு நிர்வாகம் இன்னும் தலையசைக்கவில்லை. விடமாட்டேன் தாழைமடல் அக்கா.

புதுச் சிக்கல் ஒன்று. பராமரிப்புத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிச்சம் பிடித்துக் காட்டினால் அடுத்த வருடம் என் பட்ஜெட்டில் அதைக் கழித்துவிடுவார்கள். முன்பு அப்படித்தான் நடந்தது. என் ஆட்களிடம் எந்த முகத்தோடு போய் இன்னும் கசிவு தேடுங்கள் என்று சொல்வேன்?" ஃபைனான்ஸில் விசாரித்தேன். அப்படித்தான் நடக்குமாம். என்ன செய்வது ஐயா?

உலைக்களம் எழுதியது:

அவர் உங்களிடம் தனியாகச் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம் அம்மா. உங்களை நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவர் பெயர் சொல்லாமல் காப்பாற்றுங்கள்.

இதற்கு வழி உண்டு, ஆனால் மிச்சம் பிடிப்பதற்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். பணம் தெரிந்த பிறகு பேசப் போனால் அதற்கு ஏற்கெனவே பத்துச் செலவு காத்திருக்கும். சுழல் நிதி என்று ஒன்றை ஏற்படுத்தச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரு தொகை போட்டு வைப்பது. மிச்சம் தரும் வேலைக்கு அதிலிருந்து செலவு. கட்டணத்தில் குறைந்த தொகை, போட்ட பணம் மீளும்வரை அந்த நிதிக்கே திரும்ப வரும். அதில் அடுத்த வேலை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் கட்டடங்களுக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்து இப்படி ஒரு கடன் நிதியை நடத்தியது. புதிய யோசனை அல்ல, ஃபைனான்ஸ்காரர்களுக்குப் புரிகிற மொழியும்கூட.

முழு நிதிக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இதையாவது எழுத்தில் வாங்குங்கள்: காற்றிலும் நீராவியிலும் மிச்சமாவதில் பாதி, இரண்டு வருடத்துக்குப் பராமரிப்புப் பிரிவின் உதிரிபாகக் கணக்கில் இருக்கும். ஃபைனான்ஸ் தலைவரும் பராமரிப்புத் தலைவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். எம்.டி. சாட்சி. ஆண்டர்சன் 2011-இல் காலமானார். அதற்குப் பிறகும் இன்டர்ஃபேஸில் அந்த வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அது வடிவமைப்பிலும் கொள்முதலிலும் ஏறிவிட்டிருந்தது. உங்கள் எம்.டி. நாளைக்கே மாறலாம், நீங்களும் வேறு வேலைக்குப் போகலாம். தாளில் இருப்பது இருக்கும்.

மிச்சத்தை எப்படி அளப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வருடக் கடைசியில் சண்டை வரும். உற்பத்தி கூடினால் மின்சாரமும் கூடும், அப்போது "எங்கே மிச்சம்?" என்பார்கள். ஆகவே மொத்த யூனிட்டை ஒப்பிடக்கூடாது, ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிட வேண்டும். ஆலை நின்றிருக்கும்போதும் ஓடும் அடிப்படைச் சுமையைத் தனியாகக் குறித்து வையுங்கள். கசிவும் வீணும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. கம்ப்ரசர் அறை லாக்புக்கில் போன வருடப் பக்கங்கள் முழுவதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லோடு மணி, அன்லோடு மணி இரண்டு பத்தியும் தெளிவாக விழ வேண்டும். விடுமுறை நாள் பக்கங்களை மட்டும் பிரித்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அடிப்படைக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். எண்களை உங்கள் பராமரிப்புத் தலைவரே ஃபைனான்ஸிடம் எடுத்துப் போகட்டும்.